ஆழமான சொத்தை: அடைக்கலாமா, வேர் சிகிச்சையா, பிடுங்குவதா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் 16 வருடமாகப் பல் பார்க்கிறேன். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. நாற்காலியில் சாய்வதற்கு முன்பே சிலர் கேட்டுவிடுவார்கள். வாயில் பஞ்சு வைத்த பிறகு கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதும் எனக்குப் புரிந்துவிடும், ஏனென்றால் எல்லாம் இதே கேள்விகள்தான்.

அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எல்லாம் பெரியவர்களின் ஆழமான சொத்தை பற்றியவை. பால் பல்லுக்குக் கணக்கு வேறு.

"ஆழமா போயிருச்சு, ஆழமா போயிருச்சு"ங்கிறீங்களே, எவ்வளவு போனா ஆழம்?

பல்லின் மேல் ஓடு எனாமல். கடவாய்ப்பல்லின் மேட்டில் அது 2.5 மில்லிமீட்டர் வரை கனமாக இருக்கும். அதில் உணர்ச்சியே கிடையாது. அதற்கு உள்ளே டென்டின், எனாமலைவிட மென்மையானது, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைந்தது. நடுவில் ஒரு சின்ன அறை. அதற்குள் ரத்தக்குழாயும் நரம்பும் பின்னிய மெல்லிய சதை இருக்கிறது. பல்ப் என்பது அதுதான். ஊரில் எல்லோரும் "நரம்பு" என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

சொத்தை டென்டினைத் தாண்டித் தாண்டி, அதன் உள் கால்பங்குக்குள் நுழைந்துவிட்டால் ஆழமான சொத்தை. சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மிச்சம் இருக்கும். அந்தக் கோடும் இல்லையென்றால் மிக ஆழமான சொத்தை. ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் (வேர் சிகிச்சை மருத்துவர்களின் அமைப்பு) 2019-இல் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னது. சிகிச்சையும் அங்கேதான் பிரிகிறது.

வெளியே தெரியும் ஓட்டையை வைத்து ஆழத்தைச் சொல்ல முடியாது. சொத்தைக் கத்தரிக்காயைப் பார்த்திருப்பீர்கள். மேலே குண்டூசி முனை அளவு துளை, நறுக்கினால்தான் உள்ளே நடந்தது தெரியும். பல்லும் அப்படித்தான்.

கத்தரிக்காய்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ பல்லுக்குள்ள புழு இருக்குதானே?

இல்லை. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வாயில் உள்ள பாக்டீரியா அமிலமாக்குகிறது, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது, அவ்வளவுதான். கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் "புழு விழுந்தது" என்று காட்டுவார்கள். அப்படி விழுவது எதுவும் பல்லிலிருந்து வந்ததில்லை. அந்தப் புகையைப் பிடித்துவிட்டு வந்தவர்களின் பல்லில் சொத்தை அப்படியே இருக்கும், கூடவே கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் வெந்தும் இருக்கும்.

எனக்கு வலியே இல்லையே டாக்டர். அப்புறம் எப்படி ஆழமான சொத்தைங்கிறீங்க?

சொத்தை மெதுவாக நகர்ந்தால் நரம்பு சும்மா இருக்காது. உள்பக்கமிருந்து புது டென்டினைப் பூசிச் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே பின்வாங்கும். வயதானவர்களுக்குப் பெரிய ஓட்டை இருந்தும் வலி குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அப்படியானால் வலி இல்லாதது நல்ல சேதி.

கெட்ட சேதியாகவும் இருக்கலாம். நெல் மண்டி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். "ரெண்டு நாள் உசிரு போச்சும்மா, மூணாம் நாள் தானா சரியாப் போச்சு. இப்ப சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி. அந்த மூன்றாம் நாள் நரம்பு செத்துப்போயிருக்கிறது, எலும்பு கரைய ஆரம்பித்திருக்கிறது. செத்த நரம்பு வலிக்காது.

ஒரு எக்ஸ்ரே எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடாதா? எதுக்கு ஐஸ் வெச்சு, தட்டிப் பார்த்து, நேரத்தை வீணாக்குறீங்க?

எக்ஸ்ரே ஒரு நிழல். சொத்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, வேர் நுனியில் எலும்பு எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும். நரம்பு உயிரோடு இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டாது. எலும்பு மாற்றம்கூட, கணிசமான அளவு கரைந்த பிறகுதான் படத்தில் தெரியும்.

அதனால்தான் குளிர் சோதனை. சின்னப் பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்பிரே அடித்தால் உறைபனி படிந்து வெள்ளையாகிவிடும். அதை முதலில் பக்கத்தில் உள்ள நல்ல பல்லில் வைப்பேன். "இது வலிக்கிற பல் இல்லையே" என்று எல்லோரும் கையை நீட்டித் தடுப்பார்கள். நல்ல பல் எப்படிக் கூசும் என்று தெரிந்தால்தான் கெட்ட பல்லின் கூச்சத்தை ஒப்பிட முடியும். அப்புறம் சொத்தைப் பல்லில் வைப்பேன். கூசியதும் கையைத் தூக்கச் சொல்வேன், கூச்சம் அடங்கியதும் இறக்கச் சொல்வேன். பஞ்சை எடுத்ததும் கை இறங்கினால் நல்லது. அரை நிமிடத்துக்கு மேலும் கை மேலேயே இருந்தால் நரம்பு மீள முடியாத அளவுக்கு வீங்கியிருக்கலாம். கை தூக்கவே இல்லையென்றால் நரம்பு செத்திருக்கலாம்.

வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பது வேறு விஷயத்துக்கு. தட்டினால் வலிக்கிறது என்றால் அழற்சி பல்லைத் தாண்டி, பல்லைச் சுற்றியுள்ள திசுவுக்கு வந்துவிட்டது என்று பொருள். ஈறை அழுத்திப் பார்ப்பது, பல் ஆடுகிறதா என்று பார்ப்பது, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் அளப்பது எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்தான். எக்ஸ்ரேயை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "ரூட் கெனால்தான்" என்று சொன்னால், அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

சரி, அடைச்சா போதுமா, ரூட் கெனாலா, பிடுங்குறதா? எதை வெச்சுத்தான் முடிவு பண்றீங்க?

முதலில் நரம்பு. குளிர் பட்டால் சுரீர் என்று கூசி உடனே அடங்குகிறது, தானாக வலி வருவதில்லை, தட்டினால் வலி இல்லை என்றால் நரம்பு தொந்தரவில் இருக்கிறது, ஆனால் தேறிவிடும். அடைத்துக் காப்பாற்றலாம். படுத்தால் விண் விண் என்று தெறிக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, சூடாகக் காபி குடித்தால் அரைமணி நேரம் விடமாட்டேன் என்கிறது என்றால் அது மீளாத நிலை. இங்கே வழக்கமான வழி வேர் சிகிச்சை. நரம்பு செத்துவிட்டிருந்தால் வேர் சிகிச்சை அல்லது பிடுங்குவது.

அடுத்தது சுவர். சொத்தையை எடுத்த பிறகு நிற்கும் பல் ஒரு அடைப்பையோ கேப்பையோ தாங்குமா? ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் நிற்க வேண்டும். கேப் அதைத்தான் கவ்விப் பிடிக்கும். நரம்பு சிகிச்சை எவ்வளவு அருமையாகச் செய்தாலும் கட்டுவதற்கு அஸ்திவாரம் இல்லையென்றால் வீண்.

மூன்றாவது நீங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வாய் எவ்வளவு நேரம் திறக்கும், மறுபடி வர முடியுமா, அந்தப் பல் மென்று சாப்பிட உதவுகிறதா, அல்லது எதிர்ப்பல் இல்லாமல் சும்மா நிற்கும் ஞானப்பல்லா. ஓட்டை ஒரே அளவில் இருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு சிகிச்சை சொல்வது இதனால்தான்.

சொத்தையை முழுசா எடுக்காம கொஞ்சம் உள்ளேயே விட்டுட்டு அடைச்சுட்டாராம். வேலையை ஒழுங்கா பார்க்கலைன்னுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும். அந்தக் கோபம் நியாயமானதும்கூட, ஏனென்றால் நாங்கள் கல்லூரியில் படித்தபோதே "கறுப்பு துளிகூட விடாதே" என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பாடம் மாறிவிட்டது.

சொத்தை டென்டின் ஒரே மாதிரி இருக்காது. மேல் அடுக்கு நனைந்த அட்டை மாதிரி, கரண்டி போன்ற கருவியால் அள்ளினால் வந்துவிடும். அதற்குக் கீழே தோல் செருப்பு மாதிரி வழுவழுப்பாக, அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கும். இன்னும் கீழே கெட்டி, கருவியால் கீறினால் கிரீச் என்று சத்தம் வரும். பல்லின் ஓரம் முழுக்க அந்தக் கிரீச் சத்தம் வரும்வரை சுத்தம் செய்ய வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் நரம்புக்கு நேர் மேலே, ஆழமான இடத்தில் மட்டும், மென்மையான டென்டினைக் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். அதையும் சுரண்டினால் நரம்பு வெளியே தெரிந்துவிடும். விட்டு, மேலே காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் உள்ளே மாட்டிய பாக்டீரியாவுக்குத் தீனி கிடைக்காது, பெரும்பாலும் அடங்கிவிடும். நரம்பு தன் பக்கமிருந்து சுவர் கட்டிக்கொள்ளும்.

2015-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் 12 நாடுகளைச் சேர்ந்த 21 நிபுணர்கள் கூடி இதையே பரிந்துரைத்தார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதே பக்கம்தான். அதனால் அவர் சோம்பேறித்தனமாக விட்டாரா, தெரிந்து விட்டாரா என்பதுதான் கேள்வி. தெரிந்து விட்டவர் உங்களிடம் சொல்லியிருப்பார். உங்களுக்குச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

இன்னொரு இடத்துல தற்காலிகமா அடைச்சு, ஆறு மாசம் கழிச்சு மறுபடி திறக்கணும்னாங்க. அது என்ன?

மேலே சொன்னதன் அண்ணன். முதல் தடவை மெது டென்டினை விட்டு அடைப்பார்கள். 6 முதல் 12 மாதத்துக்குள் அது காய்ந்து கெட்டியாகிவிடும், நரம்பும் உள்சுவரைத் தடிமனாக்கியிருக்கும். அப்போது திறந்து மிச்சத்தை எடுத்து நிரந்தரமாக அடைப்பார்கள். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ஆழமான சொத்தை உள்ள 314 பெரியவர்களிடம் நடந்து, 2010-இல் வெளியான ஆய்வில், ஒரே தடவையில் முழுக்கச் சுரண்டிய பற்களில் சுமார் 29 சதவீதத்தில் நரம்பு வெளிப்பட்டது. இரண்டு கட்டமாகச் சுரண்டியவற்றில் அது சுமார் 18 சதவீதம்.

நான் பெரும்பாலும் ஒரே தடவையில் முடித்துவிடுகிறேன். தற்காலிக அடைப்போடு போனவர் ஆறு மாதத்தில் வந்தால் சரி. எங்கள் ஊரில் அவர் அடுத்த மகாமகத்துக்குத்தான் வருவார், அடைப்பு அதற்குள் ஒழுகிப் போயிருக்கும்.

தோண்டும்போது "நரம்பு தெரிஞ்சிருச்சு"ன்னு சொன்னாங்க. கை தவறிப் போச்சா? இனி ரூட் கெனால்தானா?

ஆழமான சொத்தையில் நரம்பு வெளிப்படுவது எல்லாக் கைகளிலும் நடக்கும். இனி ரூட் கெனால்தான் என்பதும் இல்லை. 1965-இல் ஒரு புகழ்பெற்ற சோதனை நடந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லில் நரம்பு தெரியும்படி ஓட்டை போட்டார்கள். நரம்பு செத்துப்போகவில்லை, ஓட்டையின் மேல் தானே பாலம் கட்டி மூடிக்கொண்டது. சாதாரண எலிகளுக்கு நரம்பு அழுகிப்போனது. வெளிப்படுவதால் மட்டும் நரம்பு சாவதில்லை, கிருமிதான் கொல்கிறது என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

அதனால் எச்சில் படாமல் மறைத்து, ரத்தம் நின்றதும் மேலே மருந்து வைத்து மூடலாம். 1920-களிலிருந்து இதற்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தார்கள். வேதியியல்படி அது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புதான். (வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், வாய் வெந்துவிடும். ஒருவர் செய்துவிட்டு வந்தார்.) 1993-இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்திலிருந்து எம்.டி.ஏ. என்ற மூடும் மருந்து வந்தது. அதன் அடிப்படை, வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்ட். அது இறுக மூன்று மணி நேரம் போல ஆகும், பல்லைச் சாம்பல் நிறமாக்கும் குணமும் உண்டு. பின்னால் வந்த பயோடென்டின் சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும், நிறமும் அதிகம் மாறாது. நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்போது அந்த வித்தியாசம் பெரிது.

நரம்பைப் பாதி மட்டும் எடுக்கலாமாமே? அது குழந்தைங்களுக்குத்தானே பண்ணுவாங்க?

முன்பு அப்படித்தான். இப்போது பெரியவர்களுக்கும் செய்கிறோம். பல்லின் தலைப்பகுதியில் உள்ள நரம்பை மட்டும் எடுத்து, வேருக்குள் இருப்பதை விட்டுவிட்டு, மேலே சொன்ன அதே சிமென்ட்டால் மூடுவது. பல்பாட்டமி என்று பெயர். அமெரிக்க எண்டோடான்டிக் சங்கம் 2021-இல் இந்த மாதிரி உயிருள்ள நரம்பைக் காக்கும் சிகிச்சைகளுக்குச் சாதகமாக நிலைப்பாடு எடுத்தது.

முடிவைச் சொல்வது ரத்தம். தலைப்பகுதியை எடுத்ததும் ஹைபோகுளோரைட் என்ற கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்துவோம். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் ரத்தம் நின்றால் மிச்ச நரம்பு நல்லது என்று நம்பலாம். நிற்கவில்லையென்றால் அழற்சி வேருக்குள் இறங்கிவிட்டது, வேர் சிகிச்சைக்குப் போக வேண்டியதுதான். இதனால்தான் சில சமயம் "திறந்து பார்த்துத்தான் சொல்வேன்" என்கிறேன். கட்டணத்தை ஏற்றிச் சொல்ல வழி பார்க்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள், முகத்திலேயே தெரியும்.

வேர் சிகிச்சைன்னா வேரை வெட்டி எடுத்துடுவீங்களா?

வேர் அப்படியே இருக்கும். அந்தத் தமிழ்ப் பெயர்தான் பயமுறுத்துகிறது. வேருக்கு நடுவே ஓடும் மெல்லிய குழாயில் உள்ள நரம்பை எடுத்து, கழுவி, கட்டபெர்ச்சா என்ற ரப்பர் மாதிரிப் பொருளால் அடைப்பதுதான் வேலை. கீழ்க் கடவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று அல்லது நான்கு குழாய். மேல் முதல் கடவாய்ப்பல்லில் நான்காவது குழாய் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும். அதைத் தேடுவதில்தான் என் வாழ்க்கையின் பல மாலைகள் போயிருக்கின்றன.

செய்யும்போது பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுகிறார்களா என்று பாருங்கள். 1864-இல் அமெரிக்காவில் வந்த யோசனை அது. எச்சிலை வெளியே நிறுத்தும், மருந்தும் கருவியும் தொண்டைக்குப் போகாமல் காக்கும்.

ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாளைக்கு எழுதிக் குடுங்க, வலி போனா அப்புறம் பார்த்துக்கலாம்.

கேள்வி இல்லை, கட்டளை. ஆனாலும் பதில் சொல்கிறேன். வீங்கிய நரம்பின் வலிக்கு ஆன்டிபயாட்டிக் உதவாது. செத்த நரம்புக்கு ரத்த ஓட்டமே இல்லை, மாத்திரை எப்படி உள்ளே போய்ச் சேரும்? மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக் குறைந்தது என்பவர்கள், கூடவே கொடுத்த வலி மாத்திரையால் குறைந்ததை ஆன்டிபயாட்டிக் கணக்கில் எழுதுகிறார்கள்.

காய்ச்சல் இருந்தாலோ, முகம் வீங்கிப் பரவினாலோ ஆன்டிபயாட்டிக் தேவை. அப்போதும் அது துணைதான். சீழுக்கு வழி செய்யாமல் மாத்திரை மட்டும் போட்டால் திரும்ப வரும்.

சிகிச்சைக்கு வர்ற வரைக்கும் கிராம்பு வைக்கலாமா?

கிராம்புத் தைலம் கொஞ்சம் பஞ்சில் தொட்டு ஓட்டைக்குள் வைக்கலாம். அதில் உள்ள யூஜெனால் வலியை மந்தப்படுத்தும், நாங்களே தற்காலிக அடைப்பில் சேர்ப்பதுதான். ஈறில் வழியவிட்டால் புண்ணாகும். கற்பூரம், மூக்குப்பொடி, பெட்ரோல் எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும் வேண்டாம், ஈறு வெள்ளையாக வெந்துபோகும். வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருப்பவர்கள் ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடாதீர்கள்.

ரூட் கெனால் பண்ணும்போது ரெண்டு ஊசி போட்டும் வலிச்சுது. ஊசி போடத் தெரியலையா?

கீழ்க் கடவாய்ப்பல்லா என்று கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். மிகவும் வீங்கிப்போன நரம்பு, மரத்துப்போகும் ஊசிக்குச் சரியாகக் கட்டுப்படாது. உதடு நன்றாக மரத்திருக்கும், பல் மட்டும் முழித்துக்கொண்டிருக்கும். அப்போது வேறு இடத்தில் கூடுதல் ஊசி, பல்லைச் சுற்றி ஊசி, கடைசியில் நரம்புக்கே நேரடியாக ஊசி என்று படிப்படியாகப் போக வேண்டியிருக்கும். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவோம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதற்கு வாய் திறந்திருக்கிறது, அதுவும் முடியாது.

கேப் கட்டாயமா? காசுக்குத்தானே சொல்றீங்க?

முன்பற்களுக்குக் கட்டாயம் இல்லாத சந்தர்ப்பம் நிறைய உண்டு. நல்ல பல் மிச்சம் இருந்தால் அடைத்தாலே போதும். கடவாய்ப்பல் வேறு. முறுக்கும் எலும்பும் அதில்தான் உடைகின்றன. சொத்தையால் ஒரு பக்கம், சிகிச்சைக்குத் திறந்ததால் நடுப்பகுதி என்று ஏற்கெனவே இளைத்த பல் அது, குறுக்கே பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பிறகு கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிடச் சுமார் 6 மடங்கு அதிக வேகத்தில் இழக்கப்பட்டன.

விலையுயர்ந்த கேப்தான் வேண்டும் என்பதில்லை. பின்னால் இருக்கும் பல்லுக்குச் சாதாரண உலோகக் கேப்பே உழைக்கும். பட்ஜெட் இவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்லுங்கள், சிகிச்சையை அதற்கேற்பத் திட்டமிடலாம். கேப்புக்குக் காசில்லாமல் பாதியில் நிற்கும் வேர் சிகிச்சையைத்தான் பார்க்கவே பிடிக்காது.

இவ்வளவு எதுக்கு? பிடுங்கி எறிஞ்சா ஒரே நாள்ல முடிஞ்சுது.

அன்றைக்கு முடிந்துவிடும். கொஞ்ச நாளில் பக்கத்துப் பல் காலி இடத்துக்குச் சாயும், எதிர்ப்பல் இறங்கும், அந்தப் பக்கம் மெல்ல முடியாமல் போகும். பிறகு பிரிட்ஜோ இம்பிளான்டோ வைக்க வந்தால், காப்பாற்ற ஆகியிருக்கும் செலவைவிட அதிகமாகும். ஆனால் பிடுங்குவது சரியான முடிவாக இருக்கும் இடங்களும் உண்டு. ஈறுக்குக் கீழே உடைந்த பல், வேர் நெட்டுக்குப் பிளந்த பல், எலும்பு கரைந்து ஆடும் பல், எதிர்ப்பல் இல்லாத ஞானப்பல். இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொல்பவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்ங்கிறாங்களே?

போகாது. கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. ஐம்பது வயதில் பல்லும் விழுகிறது, வெள்ளெழுத்தும் வருகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

சுகர் இருக்கு, ஹார்ட்டுக்கு ரத்தம் இளகுற மாத்திரையும் சாப்பிடுறேன். எனக்கு எது செய்யலாம்?

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், அதுதான் முதல் பதில். ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்குவதற்காக மாத்திரையை விட்டால், பல்லில் கசியும் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து நெஞ்சில் காத்திருக்கிறது. அடைப்பதிலும் வேர் சிகிச்சையிலும் ரத்தப்போக்கு மிகக் குறைவு, அதனால் இப்படிப்பட்டவர்களுக்குப் பல்லைக் காப்பாற்றும் பக்கமே சாய்வேன். சுகர் கட்டுக்குள் இல்லையென்றால் தொற்று வேகமாகப் பரவும், புண் மெதுவாக ஆறும். அதனால் தள்ளிப்போடுவதற்கு அது காரணம் ஆகாது. செயற்கை வால்வு வைத்தவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்பே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் தர வேண்டும், மறக்காமல் சொல்லுங்கள்.

சொல்ல மறப்பவர்கள் இன்னும் இரண்டு வகை. எலும்பு அடர்த்தி குறைந்ததற்கு வருடத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுக்கொள்பவர்கள், அது மாத்திரை இல்லை என்பதால் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், அது பழைய கதை என்று விட்டுவிடுவார்கள். இருவருக்குமே பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. மற்றவர்களுக்குப் பிடுங்கச் சொல்லும் பல்லைக்கூட இவர்களுக்கு வேர் சிகிச்சை செய்து, தலையைச் சீவி, வேரை உள்ளேயே விட்டுவைப்பதுண்டு.

மாசமா இருக்கேன். குழந்தை பொறந்தப்புறம் வரட்டுமா?

வலியும் தொற்றும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். நான்கு முதல் ஆறு மாதம்வரை உட்காரவும் சாயவும் வசதியான காலம். அவசரம் என்றால் எந்த மாதத்திலும் செய்யலாம். மரத்துப்போகும் ஊசியும், தேவைப்பட்டால் ஒரு பல் எக்ஸ்ரேயும் பிரச்சினை இல்லை. வலிக்குப் பாரசிட்டமால். மற்ற வலி மாத்திரைகளை உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஒரு டாக்டர் அடைக்கலாம்ங்கிறார், இன்னொருத்தர் ரூட் கெனால்ங்கிறார். ஒருத்தர் பொய் சொல்றாருன்னுதானே அர்த்தம்?

இருவரும் உண்மை சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு. குளிர் சோதனையில் கை எவ்வளவு நேரம் மேலே இருந்தது என்று சொன்னேன் அல்லவா, பத்து நொடியில் இறங்கினால் ஒரு முடிவு, ஒரு நிமிடம் ஆனால் இன்னொரு முடிவு. இருபது, இருபத்தைந்து நொடி ஆனால்? நரம்பைத் திறக்காமல் அதன் நிலையை நூற்றுக்கு நூறு சொல்லும் கருவி எங்களிடம் இல்லை. இந்த இடைநிலையில் ஒருவர் துணிந்து அடைப்பார், இன்னொருவர் நாளைக்கு இரவு 11 மணிக்கு உங்கள் போன் வருவதை விரும்பமாட்டார். பயோடென்டின் கைவசம் இல்லாத இடத்தில் வேர் சிகிச்சை சொல்வதும் நடக்கும். காசுக்காகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று நான் சாதிக்கவில்லை.

இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "நரம்பு உயிரோட இருக்கா, எதை வெச்சுச் சொல்றீங்க?" சோதனை செய்து பார்த்தவர் அதைச் சொல்வார்.

அடைச்சு மூணு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப ராத்திரி வலி. அப்பவே ரூட் கெனால் பண்ணியிருக்கலாமே?

என்னிடமே நடந்திருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியைக்குச் சோதனை எல்லாம் சரியாக இருந்ததால் அடைத்தேன். பதினோராவது வாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் பேசுவதற்கு முன் "டாக்டரம்மா, நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. நரம்பைக் காப்பாற்றும் எல்லாச் சிகிச்சையிலும் சில பற்கள் தோற்கும், அப்போது வேர் சிகிச்சைக்குப் போகலாம், வழி அடைபடுவதில்லை. வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் சந்தேகம் இருக்கும் இடத்தில் முதலில் அடைத்துப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அடைத்த பிறகு ஒன்றிரண்டு வாரம் லேசாகக் கூசுவது சகஜம். தானாக வலி வந்தாலோ, கடித்தால் வலித்தாலோ காத்திருக்காமல் வாருங்கள். வலி இல்லையென்றாலும் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் சோதனைக்கு வாருங்கள், காரணம் நெல் மண்டிக்காரர்.

பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் வர்றேன். தை மாசம் வரைக்கும் தாங்குமா?

குளிர்ந்தால் மட்டும் கூசும் பல் என்றால், தற்காலிகமாகவாவது இன்றைக்கு அடைத்துவிட்டுப் போங்கள், அரைமணி நேர வேலை. திறந்த ஓட்டையோடு விட்டால் இன்றைக்கு அடைத்தால் போதும் என்று இருக்கும் பல், தை மாதம் வேர் சிகிச்சையில் நிற்கலாம், பங்குனியில் பிடுங்குவதில் நிற்கலாம். இரவு வலி ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் முகூர்த்தத்தன்று முகம் வீங்கி நிற்க வேண்டிவரும், போட்டோவிலும் விழும்.

ஒன்றுக்கு மட்டும் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவே சிரமமாக, மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் பல் கிளினிக்கைத் தேட வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.